தெருக்கதவுப் பூட்டு

டாலஸ்
2 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அருண் எழுதுவது. கல்லூரி விடுதியிலிருந்து எழுதிய பிறகு உனக்கு நான் எழுதும் முதல் காகிதக் கடிதம் இது. என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. ஆனால் நீ வேறு வழி வைக்கவில்லை. மே பதினெட்டாம் தேதியிலிருந்து என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். நண்பன் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய்.

அப்பாவின் ஆபரேஷன் எப்படி நடந்தது என்பதையே செக்காலைப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "குரல்வளைய முழுசா எடுத்துட்டாக தம்பி. புத்துநோய் பரவலையாம், உயிருக்குப் பயமில்ல. ஆனா இனிமே பேச்சு வராது" என்றார். பெற்ற மகனுக்கு இதை ஒரு சாமியார் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிடமாவது நினைத்தாயா?

நான் என்ன செய்தேன்? அப்பாவுக்கு ஒரு ஐபோன் அனுப்பினேன். பிப்ரவரியில் தேவகோட்டைக்காரர் ஒருவர் ஊருக்குப் போனபோது அவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டு வைஃபையில் எல்லாமே நன்றாக ஓடியது, நம் ஊர் சிம்மை மட்டும் ஏற்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அப்பா என் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு சிம் போட்டாக வேண்டும் என்று மே எட்டாம் தேதி நீ கேட்டாய். நம் ஊரிலேயே ஒரு கடையில் கொடுத்து ஜெயில்பிரேக் செய்யச் சொல், சரியாகிவிடும் என்றேன். கடைக்காரர் சொதப்பிவிட்டார் போலிருக்கிறது. அதற்கு நான் பொறுப்பா?

போன் போனால் இன்னொரு போன். இந்த மாதமே வாங்கி அனுப்புகிறேன். ஒரு பொருளுக்காகக் கூடப்பிறந்தவனை இப்படித் தள்ளி வைக்காதே. அப்பாவுக்கு என் தோத்திரம் சொல்.

உன் தம்பி
அருண் ஜோசப்


காரைக்குடி
23 ஜூன் 2025

அருணுக்கு,

கடிதத்தின் தலைப்பில் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. இதில் போடவில்லை. மறந்துபோய் விட்டதில்லை.

"போன் போனால் இன்னொரு போன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான்கு தடவை படித்தேன். என்ன போனது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாளிலிருந்து பதினோரு நாள் நான் விடைத்தாள் திருத்த தேவகோட்டைக்குப் போய்வந்தேன். அப்பா வீட்டில் தனியாக இருந்தார். குரல் போகப்போகிறது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். முப்பத்தொரு வருடம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். மைக் கெட்டுப்போன நாளில் வெறும் வாயாலேயே பஸ்ஸைக் கிளப்பிவிட்டவர். அந்தப் பதினோரு நாளும் மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, நீ அனுப்பிய போனில் பேசிப் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறார். நாளுக்கு ஒன்று. அத்தனையும் உனக்கு. பேச்சு நின்ற பிறகு தினம் ஒன்றாக உனக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அப்போது என்னிடம்கூடச் சொல்லவில்லை, பிறகு நோட்டில் எழுதிக் காட்டித்தான் தெரிந்தது.

மே ஒன்பதாம் தேதி கல்லுக்கட்டிப் பக்கம் அழகுசுந்தரம் கடையில் போனைக் கொடுத்து, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை பாக்குறவுகளே சொல்றாகன்னா செஞ்சிருவோம் டீச்சர்" என்றார். சாயங்காலம் போனபோது அவர் முகம் சரியில்லை. பாதியில் போன் அப்படியே நின்றுவிட்டதாம். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினால்தான் உயிர் வரும் என்று அழித்து ஏற்றி, மறுபடி முயன்று ஜெயில்பிரேக்கையும் செய்து முடித்திருந்தார். சிம்மைப் போட்டோம். பழையபடியே ஏற்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள், மே பதினெட்டு. அப்பா கையைக் காட்டி போனைக் கேட்டார். கழுத்தில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து, பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்தார். ஒன்றும் இல்லை. மூடித் திறந்தார். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக் காட்டினார்: "பதினொன்று இருந்தது. அருணுக்கு." நான் விஷயத்தைச் சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றுதான் உன் நம்பரைத் தடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் நாகவல்லி என்று ஒரு பெண் போன் கடை வைத்திருக்கிறாள். அழிந்ததை மீட்க முடியுமா என்று கேட்கப் போனேன். முடியாது என்றாள். சிம் ஏற்காததற்கா இதைச் செய்தீர்கள் என்று தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, இதுல ரெண்டு பூட்டு. ஒண்ணு போனைச் செஞ்ச கம்பெனி போட்டது. நான் விடுற ஆப்பைத்தான் போடணும், உள்ள எதையும் மாத்தக் கூடாதும்பான். அதை உடைக்கிறதுதான் ஜெயில்பிரேக். இன்னொண்ணு லைன் குடுத்த கம்பெனி போட்டது, என் சிம்மத் தவிர வேற சிம் வேலை செய்யக் கூடாதுன்னு. அதுக்குப் பேரு கேரியர் லாக். அதைத் திறக்கப் போனைத் தொடவே வேணாம். லைன் யார் பேர்ல இருக்கோ அவுக அங்குட்டு ஒரு விண்ணப்பம் போட்டா, கம்பெனியே திறந்து விட்டுரும். உள்ள இருக்குறது ஒண்ணும் அழியாது."

வாடகை வீட்டில் தெருக்கதவு திறக்கவில்லை என்று உள்சுவரை இடித்திருக்கிறோம். சுவர் போனதுதான் மிச்சம், கதவு அப்படியே பூட்டிக் கிடக்கிறது. மதுரையில் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குத் தெரிந்தது, பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழும் உனக்குத் தெரியாதா?

மெர்சி


டாலஸ்
12 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தைக் காரை ஓரம் கட்டிவிட்டுப் படித்தேன். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பதினொன்று என்று அப்பா எழுதிக் காட்டியதாகச் சொன்னாயே, அதிலேயே மனம் நின்றுவிட்டது.

முதலில் ஒரு காரியம். போனை யாரிடமும் கொடுக்காதே, எதையும் புதிதாக ஏற்றாதே. அப்படியே எனக்கு அனுப்பு. அழிந்ததை மீட்டுத் தருவதற்கென்றே இங்கே கம்பெனிகள் இருக்கின்றன. எவ்வளவு ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன்.

நாகவல்லி சொன்னது சரிதான். இரண்டும் வேறு வேறு. ஆனால் இங்கே லைன் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது நீ நினைக்கிற மாதிரி இல்லை. தவணை முழுவதும் கட்டியிருக்க வேண்டும், அத்தனை நாள் அவர்கள் லைனில் ஓடியிருக்க வேண்டும், விண்ணப்பம் போட்டால் இன்றைக்கு நாளைக்கு என்பார்கள். ஆபரேஷனுக்கு ஆறு நாள்தான் இருந்தது. நீயோ போனில் அழுகிறாய். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உள்ளே இருப்பதை எடுத்து வைக்காமல் யாராவது போனைக் கடையில் கொடுப்பார்களா? உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அந்த அழகுசுந்தரம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா? எல்லாப் பழியையும் பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறவன் தலையில் போடுவது சுலபம்.

வீட்டில் யூஜினியாவும் மகள் ஜெனிட்டாவும் உங்கள் இருவரையும் மிகவும் விசாரித்தார்கள். ஜெனிட்டா தாத்தாவுக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்புகிறேன்.

அருண்


காரைக்குடி
4 ஆகஸ்ட் 2025

அருணுக்கு,

போனை அனுப்ப மாட்டேன். அழித்தபோதே உள்ளிருந்ததைப் படிக்கும் சாவியும் சேர்ந்து அழிந்துவிட்டது, எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது என்று நாகவல்லி தெளிவாகச் சொல்லிவிட்டாள். உனக்கும் இது தெரிந்திருக்கும். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதியிருப்பாய். அந்த ஆறுதலை நீயே வைத்துக்கொள்.

கடைக்காரர் கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறாய். கேட்டார். "டீச்சர், உள்ள முக்கியமா எதுவும் இருக்கா? எடுத்து வச்சுக்கிருவமா?" என்றுதான் முதலில் கேட்டார். "ஒண்ணுமில்லண்ணே, வந்து மூணு மாசந்தான் ஆகுது" என்றேன். அப்பா வாசலில் ஆட்டோவில்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்குப் பேச்சும் இருந்தது. பத்தடி நடந்து அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுபத்து மூன்று வயது மனிதர் போனில் என்ன பெரிதாக வைத்திருக்கப் போகிறார் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும். நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். என் பங்கை நான் சுமந்துகொள்கிறேன். அதற்காக உன் பங்கு குறையாது.

இங்கே எப்படி நாள் போகிறது என்று தெரிய வேண்டுமா? சாயங்காலம் குடும்ப செபத்தில் அப்பா உதட்டை மட்டும் அசைக்கிறார். அவர் சொல்ல வேண்டிய பாதியையும் நானே சொல்லி, நானே பதிலும் சொல்கிறேன். முடிந்ததும் தோத்திரம் சொல்லிக் குனிகிறேன். என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, எழுந்துபோய் உன் படத்தின் மேலும் போடுகிறார். ஒரு நாள் தவறவில்லை. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். போன வாரம் அப்பாவைச் செக்கப்புக்கு அழைத்துப் போனபோது நாகவல்லியிடம் மறுபடி போனேன். போனின் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். தவணை எப்போதோ முடிந்துவிட்டது. அவர்கள் லைனில் ஓட வேண்டிய நாள் கெடுவும் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது விண்ணப்பம் மட்டும்தான். "அஞ்சு நிமிச வேலைக்கா. ரெண்டு நாள்ல திறந்துரும். தம்பி ஏன் செய்யல?" என்று கேட்டாள். ஆறு நாள் இருந்தது, இரண்டு நாள் போதும். அருண், ஏன் செய்யவில்லை?

யூஜினியா விசாரித்ததாக எழுதியிருக்கிறாய். ஏழெட்டு மாதமாக வீடியோவில் நீ மட்டும்தான் வந்தாய். கேட்டால் குளிக்கிறாள் என்பாய், கடைக்குப் போயிருக்கிறாள் என்பாய். இத்தனை மாதமாகவா ஒருத்தி குளிக்கிறாள்? ஒழுங்கான பதில் வராவிட்டால் அவளுக்கே எழுதிக் கேட்பேன். அவளுடைய ஆபீஸ் மெயில் என்னிடம் இருக்கிறது.

மெர்சி


டாலஸ்
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

நீ அவளிடம் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

யூஜினியா போன அக்டோபரில் ஜெனிட்டாவை அழைத்துக்கொண்டு சிகாகோவில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வக்கீல் காகிதமும் வந்துவிட்டது. தப்பு யார் மேல் என்று கேட்டால், பெரும்பகுதி என் மேல்தான். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்று முடியாது. படம் வரைகிறாள் என்று எழுதியது பொய். ஜெனிட்டா என்னோடு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பேசுகிறாள், அவ்வளவுதான்.

அந்தப் போன் யூஜினியாவுடையது. போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் சும்மா கிடக்கிறதே, அப்பாவுக்காவது ஆகட்டும் என்று அனுப்பினேன். எங்கள் எல்லா லைனும் அவள் பெயரில்தான் எடுத்தது. பூட்டைத் திறக்க விண்ணப்பம் போட வேண்டியவள் அவள். ஒரு வரி அனுப்பிக் கேட்டிருந்தால் போதும், அப்பாவுக்கு என்றால் அன்றைக்கே செய்திருப்பாள். அந்த ஒரு வரியை எழுத என்னால் முடியவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்தேன். வக்கீல் மூலம் பேசிக்கொண்டிருக்கும்போது உதவி என்று போய் நிற்பதா என்று இருந்தது.

உன்னிடம் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் அப்பாவுக்குப் போகும். எங்கள் மூன்று பேரையும் தினம் பேர் சொல்லி செபத்தில் நினைக்கிற மனிதரிடம், ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருக்கும்போது, இதை எப்படிச் சொல்வது?

இன்னும் ஒன்று இருக்கிறது. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். ஜெயில்பிரேக் செய்தால் சிம் பூட்டு திறக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். கடைக்காரர் முட்டி மோதிப் பார்த்துவிட்டு முடியாது என்று கையை விரிப்பார், போன் சரியில்லை என்று பேச்சு அதோடு முடிந்துவிடும், யார் பெயரில் லைன் என்ற கேள்வியே வராது என்று நினைத்தேன். உள்ளே அப்பாவின் குரல் இருக்கும் என்று நான் கண்டேனா?

நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். யூஜினியா விஷயம் மட்டும் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், இப்போது அவர் உடம்பு அதைத் தாங்காது. அந்தப் பதினொன்றில் எனக்கு என்ன சொல்லியிருந்தார் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார். ஒரு வரி எழுதித் தந்தாலும் போதும். அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை அக்கா.

அருண்


+

காரைக்குடி
15 செப்டம்பர் 2025

அருணுக்கு,

மேலே இருக்கும் சிலுவை அப்பா போட்டது. நான் போட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். மறைக்கச் சொன்னாய். மறைத்து மறைத்து நாம் பட்டது போதும். அதோடு, கடையில் நான் அவரைக் கேட்காமல் பதில் சொன்னதையும் அன்றே சொல்லிவிட்டேன். அதற்கு அவர் என் தலையில் கையை வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

உன் கடிதத்தில் யூஜினியா என்ற பேர் வந்ததும் கொஞ்சம் நிறுத்து என்று கையைக் காட்டினார். நெஞ்சு வலிக்கிறதோ என்று பயந்துபோனேன். நோட்டை வாங்கி எழுதினார். அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்னைக்கு நீ பூசைக்குப் போயிருந்தப்ப மருமக பேசுச்சு. அழுதுச்சு. எல்லாஞ் சொல்லிருச்சு. அவன்ட்ட நேரா கேட்டா வெக்கப்பட்டு போனை வச்சுருவான். அதுனாலதான் பதிஞ்சு வச்சேன்."

நீ கேட்டதைக் கேட்டேன், அந்தப் பதினொன்றில் என்ன சொல்லியிருந்தார் என்று. அவர் எழுதினார்: "மொதல்ல அதைத்தான் சொன்னேன். எனக்குத் தெரியும்ப்பா, மறைக்காத, எங்கிட்ட என்ன வெக்கம்னு. ஊருக்கு வந்து பத்து நாள் இருந்துட்டுப் போன்னு." மற்ற பத்தும் என்று கேட்டேன். பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டார். குரலில் சொன்னதை எழுத்தில் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நீ ஒரு பொய் சொன்னாய். எனக்குத் தெரியும் என்று அவர் சொல்லி வைத்திருந்ததை அந்தப் பொய் அழித்துவிட்டது. இதற்கு மேல் உன்னைத் திட்ட என்னிடம் வார்த்தை இல்லை.

யூஜினியாவுக்கு எழுதினேன். எழுதிய அன்றே பதில் வந்தது. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, விண்ணப்பம் போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் திறந்துவிட்டது என்று மெயில் வந்தது. அழகுசுந்தரத்திடம் கொடுத்து, ஜெயில்பிரேக்கை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கச் சொன்னேன். இந்தத் தடவை, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அப்பா சிம்மைப் போட்டார். உடனே டவர் வந்தது. இத்தனை பாடும் அதற்குத்தான். இப்போது அந்தப் போனில் எந்த ஊர் சிம்மையும் போடலாம்.

உன் நம்பர் மேல் போட்ட தடையையும் எடுத்துவிட்டேன். அப்பா எழுதிக் கேட்டார் என்பதற்காக எடுத்தேன். அவர் உன்னை மன்னித்துவிட்டார், எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும்போது சொல்கிறேன். அதுவரை என்னோடு பேச முயலாதே.

அப்பாவின் புது நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நம் நேரம் சாயங்காலம் ஏழரை மணிக்கு, செபம் முடிந்ததும் கூப்பிடு. போன் அவர் கையில்தான் இருக்கும், அவரேதான் எடுப்பார். உன் சங்கதி எல்லாவற்றையும் அவரிடம் சொல். வீடியோ வேண்டாம், கழுத்துக் குழாயோடு தன்னை நீ பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

மெர்சி